தியேட்டருக்குள்ளே ஒரு வேலை

"டாக்டருக்கும் படிக்கலை, நர்ஸுக்கும் படிக்கலை. ஆபரேஷன் தியேட்டரில் உனக்கு என்னடி வேலை?" என்று என் தங்கை மகளைக் கேட்டவள்தான் நான்.

காலை ஏழு மணிக்கே போய்விடுகிறாள். மயக்க மருந்து மெஷினில் ஆக்ஸிஜன் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். கத்தி, கத்தரிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். (நம் பிரஷர் குக்கருக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்களேன்!) தைத்து மூடுமுன் உள்ளே வைத்த துணிகளை எண்ணும்போது இவளும் கூட நிற்பாள். ஒன்று குறைந்தாலும் தேடாமல் விடமாட்டார்களாம்.

ப்ளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுத்தவள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. படிப்பு, மூன்று வருஷம், அப்புறம் ஒரு வருஷம் பயிற்சி.

சம்பளமா? தனியார் ஆஸ்பத்திரியில் முதல் மாதம் 14,000 ரூபாய்தான். தங்கைக்கு முகமே சுருங்கிவிட்டது. ஆனால் பட்டத்தோடு ஐந்து வருஷ அனுபவமும் சேர்ந்தால் எய்ம்ஸ் டெக்னீஷியன் வேலைக்கு எழுதலாம். அங்கே அடிப்படைச் சம்பளமே 35,400. நம் மாநில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் அவ்வப்போது ஆள் எடுக்கிறது.

இவளுடைய சிநேகிதி, கடை மாடியில் நடந்த ஒரு வருஷ கோர்ஸில் 60,000 கட்டினாள். இன்டர்வியூவில், "எந்தப் பல்கலைக்கழகம்?" என்றார்களாம். பதில் இல்லை. இந்தத் தொழில்களுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டு, பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறது. ஃபீஸ் கட்டுமுன் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

அந்தப் பெண் இந்த வருஷம் பி.எஸ்ஸி. முதல் வருஷத்தில் சேர்ந்திருக்கிறாள்.