நாலு பேர் மட்டும் இருக்கிற கட்டம்



ப்ராஜெக்ட் ஆனாலும் சரி, யூனியன் கோரிக்கை ஆனாலும் சரி, இப்போதெல்லாம் நாம் முதலில் செய்வது ஒரு சர்வே. படிவம் நிரப்பி வாங்குவது சுலபம். கம்ப்யூட்டரில் போட்டு ரிக்ரஷன் ஓட்டுவதும் சுலபம்தான். ஆனால் சில பிரிவுகளில் ஆளே இருக்க மாட்டார்கள். இருந்தாலும் நாலு பேர்தான்! மெக்கானிக்கல் படிக்கிற பெண்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்... "இவங்களை எல்லாம் 'மற்றவை'ன்னு ஒண்ணாப் போட்டுடு மச்சி" என்போம். அப்படிப் போடலாமா? அதைத்தான் எனக்குத் தெரிந்தவரை சொல்லப்போகிறேன்.

'ஆர்' என்ற இலவச சாஃப்ட்வேருக்குள் டைட்டானிக் கப்பலின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அது சர்வே அல்ல, தலைக்கணக்கு. ஆனாலும் சிக்கல் ஒன்றேதான். 1912-ல் மூழ்கிய அந்தக் கப்பலில் இருந்த 2201 பேர் அதில் அடக்கம். அதன்படி முதல் வகுப்பில் 6 குழந்தைகள், 6 பேரும் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 24, அத்தனை பேரும் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 79 பேரில் பிழைத்தது 27 தான். கப்பல் ஊழியரில் குழந்தையே கிடையாது.

இங்கே இரண்டு விதமான பூஜ்யம் இருப்பதைக் கவனியுங்கள். ஊழியரில் குழந்தை இல்லை என்பது, இருக்கவே வழியில்லாத பூஜ்யம். இரண்டாம் வகுப்பில் எந்தக் குழந்தையும் இறக்கவில்லை என்பது, நடந்திருக்கக்கூடியது நடக்காமல் போன பூஜ்யம். முதலாவதை மாடலிலிருந்தே விலக்க வேண்டும். இரண்டாவதை விலக்கக் கூடாது; அதுவே ஒரு செய்தி.

ஆம், இல்லை என்ற பதிலுக்கு நாம் போடுவது லாஜிஸ்டிக் ரிக்ரஷன். பிழைத்தவரை இறந்தவரால் வகுத்து, லாக் எடுக்கிறது. 24-ஐப் பூஜ்யத்தால் வகுத்தால்? முடிவிலி! கம்ப்யூட்டர் அதைத் துரத்திக்கொண்டே போய், எங்கோ ஓர் இடத்தில் நின்று, ஒரு எண்ணை அச்சடித்துவிடும். கூடவே ஸ்டாண்டர்ட் எரர் பூதம் மாதிரி பெருத்திருக்கும். அதனால் பி-மதிப்பு 1-ஐ ஒட்டி வந்து, "விளைவே இல்லை" என்பது போலத் தோன்றும். அத்தனை பேரும் பிழைத்த இடத்தில் விளைவே இல்லையாம்! இதற்குப் பெயர் செப்பரேஷன்.

இன்னொன்று. மற்ற பிரிவுகளை எதோடு ஒப்பிடுகிறோமோ அந்த அடிப்படைப் பிரிவே சின்னதாக இருந்தால், எல்லா எண்ணும் ஆட்டம் காணும். நாம் சொல்லாவிட்டால் 'ஆர்' பட்டியலில் முதலில் வருவதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். ஆள் நிறைய உள்ள பிரிவை நாமே அடிப்படையாக மாற்றி வைக்க வேண்டும்.

சர்வேயில் வெயிட் என்று ஒன்று உண்டு. ஒருவர் பதில் எத்தனை பேருக்குச் சமம் என்ற கணக்கு. நாலு பேருக்கு வெயிட் போட்டால் நானூறு மாதிரி தெரியும். ஏமாந்துவிடாதீர்கள், பேசியது நாலு பேர்தான். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு 6,36,699 வீடுகளில் எடுத்தது. அதன் அறிக்கையிலேயே, வெயிட் போடாத எண்ணிக்கை 25-க்குக் குறைந்தால் சதவீதத்தைக் காட்டாமல் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். 25 முதல் 49 வரை என்றால் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். அவ்வளவு பெரிய சர்வேக்கே அந்த அடக்கம் என்றால், நமக்கு?

சரி, வழி என்ன?

ஒன்று: ரிக்ரஷனுக்கு முன்னால் குறுக்கு அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

இரண்டு: பிரிவுகளைச் சேர்ப்பதானால் பொருள் பார்த்துச் சேருங்கள். "5 கி.மீ.க்குள்", "5 முதல் 10 கி.மீ." இரண்டையும் சேர்க்கலாம், பக்கத்துப் பக்கத்துப் படிகள். ஆனால் சக்கர நாற்காலி மாணவரையும் லேட்டரல் என்ட்ரி மாணவரையும் சேர்த்தால் வருவது யாருடைய பதில்? எதைச் சேர்ப்பது என்பதை முடிவு தெரிவதற்கு முன்பே எழுதி வையுங்கள். பி-மதிப்பைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது கள்ளாட்டம்.

மூன்று: சேர்க்க முடியாவிட்டால், டேவிட் ஃபர்த் 1993-ல் தந்த திருத்த முறை இருக்கிறது. முடிவிலிக்கு ஓடும் எண்ணை இழுத்துப் பிடிக்கும். 'ஆர்'-ல் 'லாஜிஸ்ட்எஃப்' என்ற தொகுப்பு அதைச் செய்யும். ஆனால் ஸ்ட்ராட்டா, கிளஸ்டர் வைத்து எடுத்த சர்வேயின் அமைப்பை அது கணக்கில் கொள்ளாது.

நான்கு: ஒரு பிரிவை மட்டும் ஆராய வேண்டுமானால் மற்றவர்களின் வரிகளை அழித்துவிடாதீர்கள், ஸ்டாண்டர்ட் எரர் தப்பாகிவிடும். 'சர்வே' தொகுப்பில் முழு சர்வேயின் அமைப்பையும் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிரிவைத் தனியே எடுங்கள்.

இத்தனைக்கும் மசியாத கட்டம் இருந்தால்? ரிக்ரஷனை விடுங்கள். "நால்வரில் நால்வரும் சாய்தளம் வேண்டும் என்றார்கள்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிரின்சிபால் மேசைக்குப் போகும் நம் கோரிக்கை மனுவில் 'மற்றவை 3 சதவீதம்' என்று இருந்தால் எந்தச் சாய்தளமும் வராது. அந்த ஒரு வரி இருந்தால், வாசலில் நின்றபடியே வகுப்பைப் பார்க்கிற ஒருவர் உள்ளே வர வழி பிறக்கும்.