சேர்ந்தும் இழுக்கும், எதிர்த்தும் இழுக்கும்

புதுச்சேரி வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வடம் பிடித்து இழுப்பார். இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். பிடிப்பவர் யாரானாலும், ஒரு பக்கத்து இழுவை முந்தினால் தேர் கோணிக்கொள்ளும். முட்டுக்கட்டை போடுபவர்தான் அதை வழிக்குக் கொண்டுவருவார்.

பெரிய கேன்ட்ரி மில்லிங் மெஷினுக்கும் இதே சிக்கல். இரண்டு தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே பல டன் எடையுள்ள பாலம், பாலத்தில் வெட்டும் தலை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளினால் மறுமுனை பின்தங்கி, பாலம் தடத்தில் இறுகிவிடும். அதனால் பக்கத்துக்கு ஒரு சர்வோ மோட்டார்.

இரண்டுக்கும் ஒரே கட்டளை கொடுத்தால் போதாதா? போதாது. வெட்டும் தலை ஓர் ஓரத்துக்கு நகர்ந்தால் அந்தப் பக்கத்து மோட்டாருக்குச் சுமை கூடும். உராய்வும் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. ஒரு மோட்டாரைத் தலைவனாக்கி, மற்றது அதைப் பின்தொடரலாம். ஆனால் பின்தொடர்வது எப்போதும் சற்றுத் தாமதிக்கும். அது எங்காவது சிக்கினாலும் தலைவனுக்குத் தெரியாது.

இரண்டு அச்சுகள் தத்தம் பிழையை மட்டும் பார்க்காமல், சேர்ந்து உண்டாக்கும் பிழையையும் பார்க்க வேண்டும் என்ற குறுக்கிணைப்புக் கட்டுப்பாட்டை 1980-இல் பொறியாளர் யோரம் கோரன் முன்வைத்தார். கேன்ட்ரிக்கும் அது பொருந்தியது. இரு பக்கத் தடங்களிலும் பதித்த அளவுகோல்கள் காட்டும் இடங்களின் வித்தியாசத்தைக் கண்ட்ரோலர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கணக்கிடுகிறது; பின்தங்கியதை உந்துகிறது, முந்தியதைச் சற்றுத் தணிக்கிறது. வித்தியாசம் எல்லை மீறினால் இரண்டையும் நிறுத்திவிடுகிறது.

வெப்பம் மட்டும் இந்தக் கண்காணிப்பையும் ஏமாற்றும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்குச் சுமார் 11 மைக்ரான் நீளும். எஃகு அளவுகோல் பதித்த 5 மீட்டர் தடத்தில் ஒரு பக்கம் மட்டும் 2 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், கோலும் சேர்ந்தே நீளும். இரண்டு கோல்களும் ஒரே எண்ணைக் காட்ட, கடைசி முனையில் பாலம் 0.1 மில்லிமீட்டர் கோணி நிற்கும்.

மோட்டார்கள் எதிர்த்து இழுக்க வேண்டிய இடமும் உண்டு. நீளமான தடங்களில், பாலத்தை நகர்த்தும் திருகுத்தண்டான பால்ஸ்குரூ தொய்யும் என்பதால், பல்சட்டமும் அதில் உருளும் சிறு பல்சக்கரமான பினியனும் வைப்பார்கள். பற்களுக்கு நடுவே சிறிது ‘ப்ளே’ இருக்கும். திசை மாறும்போது அந்த இடைவெளி வேலைப்பொருளில் தழும்பாக விழும். அதைத் தவிர்க்க ஒரே சட்டத்தில் இரண்டு பினியன்கள், இரண்டு மோட்டார்கள். நிற்கும்போது இரண்டும் எதிரெதிராக இழுத்து, பற்களின் இரு முகங்களையும் ஒட்டிப் பிடித்திருக்கும். வேகம் கூட்ட வேண்டிய கணத்தில் இரண்டும் ஒரே திசையில் இழுக்கும். திசை மாற்றத்துக்கு முன் மறுபடி எதிர் இழுவைக்கு வந்துவிடும்.