ஆற்றுச் சேற்றிலிருந்து ஒரு சிங்கம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரின் ஓரத்தில், ஆல்மண்ட் ஆறு கடல் கழிமுகத்தில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கிராமண்ட் கிராமம். ‘ஆல்மண்ட் கரைக் கோட்டை’ என்பதுதான் இந்தப் பெயரின் பொருள். கி.பி. 140ஐ ஒட்டி ரோமானியர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். அவர்கள் போன பிறகு, அந்தக் கோட்டை இருந்த இடத்திலேயே தேவாலயம் எழுந்தது. இன்றைய பங்குத் தேவாலயம் 1656இல் கட்டப்பட்டது. அதன் கோபுரம் மட்டும் அதற்கும் முந்தையது. படைத்தலைமையகம் இருந்த மண்ணின்மேல் இன்றும் ஞாயிறு வழிபாடு நடக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் இதே ஆற்றின் விசையில் இரும்பு ஆலைகள் ஓடின. ஆணியும் மண்வெட்டியும் இங்கிருந்து கப்பலேறின.

ஆனால் கிராமண்டின் பெரிய அதிசயம் வெளிவந்தது 1997இல். ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டி ஒருவர், நீர் வற்றியிருந்த நேரத்தில் சேற்றுக்குள் ஒரு கல்முகத்தைப் பார்த்தார். தோண்டி எடுத்தால், சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெண் சிங்கம்! அதன் வாயில் தாடி வைத்த ஒரு மனிதனின் தலை. ரோமானியப் பெருந்தலைவர் ஒருவரின் கல்லறைக்குக் காவலாக நின்ற சிலை இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எத்தனை தலைமுறை அதன்மேல் படகு விட்டிருக்கும்! சிங்கம் இப்போது எடின்பரோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் படகுத்துறையோ 2001இல், கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோது மூடப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை.