ஏட்டி, மனச விட்டுராத!

மூன்றாவது, நான்காவது கீமோவுக்கு வருகிற புற்றுநோயாளிகள் சிலருக்கு மருந்து ஏறும் முன்பே வாந்தி வந்துவிடும். அம்பாசமுத்திரத்திலோ முக்கூடலிலோ பஸ் ஏறும்போது நன்றாகத்தான் இருப்பார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குள் நுழைந்து, ஆஸ்பத்திரி வாடை மூக்கில் ஏறியதும் வயிறு புரட்டும். இன்னும் ஊசி குத்தவில்லை, ஒரு சொட்டு மருந்து இறங்கவில்லை.

கூட வந்தவர்கள் மனப்பிரமை என்பார்கள். பிரமை இல்லை, உடம்பு படித்துக்கொண்ட பாடம் அது. மணியடித்ததும் சோறு கிடைத்துப் பழகி, மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறவிட்ட, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய் படித்ததும் இதையேதான். முந்தைய தடவைகளில் அந்த வாடையைத் தொடர்ந்து வாந்தி வந்தது. இப்போது வாடை மட்டுமே போதும். அதனால்தான் முதல் கீமோவிலேயே வாந்தியை மருந்தால் அடக்கப் பார்க்கிறார்கள். வாந்தியே வராவிட்டால் உடம்பு படிக்கப் பாடமும் இல்லை. ஏற்கெனவே படித்துவிட்டவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் கைகொடுக்கின்றன.

மனசுக்கு இவ்வளவு வலு இருக்கிறதென்றால், தைரியத்தால் கட்டியையே கரைத்துவிடலாமா?

1989-ல் அப்படி ஒரு நம்பிக்கை பிறந்தது. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களை வைத்து அமெரிக்க மருத்துவர் டேவிட் ஸ்பீகல் நடத்திய ஆய்வில், வாராவாரம் கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காலம் வாழ்ந்தார்கள். 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே செய்துபார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் வலியும் மன வேதனையும் குறைவாக இருந்தன. 2007-ல் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் விவரங்களை அலசியபோதும், மனநிலையை வைத்து ஆயுளைக் கணிக்க முடியவில்லை.

கட்டி மனசுக்குக் கட்டுப்படாது. சிகிச்சை நாட்கள் கழிகிற விதம் ஓரளவு கட்டுப்படும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அலியா கிரம் குழுவினர், நோய் தெரிந்து சில மாதங்களே ஆன 361 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறு படங்களைக் காட்டினார்கள். நோயைச் சமாளிக்கலாம், உடம்புக்குத் தாங்கும் திறன் உண்டு என்பதே அவற்றின் சாரம். பார்த்தவர்களை உடல் உபாதைகள் அவ்வளவாக அலைக்கழிக்கவில்லை. அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டது.

நம் ஊரில் படம் காட்ட வேண்டியதில்லை. பார்க்க வருகிற ஒவ்வொரு சித்தியும் மதினியும் சொல்வது ஒன்றுதான்: "ஏட்டி, மனச விட்டுராத." நல்ல வார்த்தைதான். ஆனால் அதற்கு இன்னொரு முனையும் உண்டு. அப்படிக் கேட்டவள் இறந்துபோனால், "மனச விட்டுட்டா, அதான்" என்று அதே வாய் சொல்லும். நோய் செய்ததற்கு நோயாளி மேல் பழி.

தைரியசாலி என்று பேரெடுத்தவர்கள் காய்ச்சலையும் வெளியே சொல்ல மாட்டார்கள். கீமோ, எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கும். அந்த நேரத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். ராத்திரி என்றும் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிற காரியம் இல்லை இது.

"வெறும் கட்டிதாம்னு சொல்லிருக்கோம் டாக்டர், அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று வீட்டார் கேட்டுக்கொள்வதும் வழக்கம். என்ன நோய் என்றே தெரியாதவளால் எதை எதிர்கொள்ள மனசைத் தேற்றிக்கொள்ள முடியும்? முடி கொட்டும்போது பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, வீட்டு மனிதர் வாயால் கேட்பது மேல். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில், நோயாளிகளின் மனசைக் கவனிப்பதற்கென்றே தனித் துறை இருக்கிறது. பயத்தையும் அழுகையையும் அங்கே கோழைத்தனமாகப் பார்ப்பதில்லை.

கனடாவில் அந்தப் பெண்களின் வலியைக் குறைத்தது தைரியப் பேச்சு அல்ல. பயத்தைச் சொல்ல ஓர் இடமும் கேட்க ஆட்களும் இருந்ததுதான். அடுத்த தடவை நோயாளியைப் பார்க்கப் போகும்போது, "மனச விட்டுராத" என்பதோடு இன்னொன்றையும் சொல்லலாம்: "அடுத்த கீமோவுக்கு நானும் கூட வாரேன்."