வீட்டு வானிலை நிலையத்துக்கு ஒரு சாவி



தெம்பனிசில் வெயில் அடிக்கும்போது ஜூரோங்கில் மழை கொட்டுவது நமக்குப் புதிதல்ல. சிறிய தீவுதான் என்றாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் வானிலை மாறுகிறது. சுமத்ரா சூறைக்காற்று மேற்கிலிருந்து வரும். ஜூரோங்கை முதலில் நனைத்துவிட்டுத்தான் கிழக்கே நம் பக்கம் வந்து சேரும். துணி காயப்போடுபவருக்கும், பகல் வெயிலில் வெளியே செல்லத் தயங்கும் முதியவருக்கும், நம் வட்டாரத்தில் இந்த நிமிடம் என்ன நிலவரம் என்பதே தேவை.

அதற்காகவே சிலர் வீட்டில் சிறு வானிலை நிலையம் வைத்து, வெப்பம், ஈரப்பதம், மழை அளவு ஆகியவற்றை இணையப் பக்கத்தில் வெளியிடுகிறார்கள். சிங்கப்பூருக்கு இது அந்நியமான முயற்சி அல்ல. 2000களின் பிற்பாதியில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், பள்ளிகளில் அமைந்த சிறு வானிலை நிலையங்களின் அளவுகளை இணையம் வழியே ஒன்றுதிரட்டினார்கள்.

கருவி வாங்குவது எளிது. அதன் அளவுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், யாரும் தொடாமல் இணையப் பக்கத்துக்கு அனுப்புவதில்தான் சிக்கல் இருக்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஆகவே அதைக் கணினியிலேயே எழுதி வைத்துவிடுகிறோம். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதையாகிவிடுகிறது!

கோப்புகளை அனுப்பப் பலர் பயன்படுத்துவது எஃப்டிபி என்ற பழைய முறை. இதை 1971 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எழுதியவர் ஓர் இந்தியர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பட்டம் பெற்ற அபய் பூஷண்தான் அவர். அன்று வலையமைப்பில் இருந்தவை ஒருசில பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் மட்டுமே. அங்கே திருடனைப் பற்றிய கவலை பெரிதாக எழவில்லை. அதனால் எஃப்டிபியில் பெயரும் கடவுச்சொல்லும் அஞ்சலட்டையில் எழுதியதுபோல் வெளிப்படையாகவே பயணம் செய்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால், நாளொன்றுக்கு 288 அஞ்சலட்டைகள்.

1995ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினார்கள். அதைக் கண்ட அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு யிலோனென், எல்லாவற்றையும் மறைகுறியாக மாற்றி அனுப்பும் எஸ்எஸ்எச் முறையை உருவாக்கினார். அதன் வழியே கோப்பு அனுப்புவதே எஸ்எஃப்டிபி. இணைய இடம் வாடகைக்கு எடுக்கும்போது இந்த வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

எஸ்எஃப்டிபியில் கடவுச்சொல்லே இல்லாமலும் வேலை நடக்கும். அதற்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று பூட்டு போன்றது. அதைச் சர்வரில் மாட்டிவிடுகிறோம். மற்றது சாவி, அது வீட்டுக் கணினியிலேயே இருக்கும். இணைப்பின்போதுகூட அந்தச் சாவி வெளியே போவதில்லை. ‘என்னிடம் சாவி இருக்கிறது’ என்பதற்கான ஆதாரம் மட்டுமே போகும்.

ஆனால் ஆள் இல்லாமல் இயங்கும் கணினியில் சாவி திறந்தபடிதான் கிடக்கும். ஆகவே அது எல்லாக் கதவையும் திறக்கும் சாவியாக இருக்கக் கூடாது. வானிலைக்கென்று சர்வரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அந்தக் கணக்கு ஒரே ஒரு கோப்புறையில் கோப்பு போடலாம், வேறு எதையும் செய்ய இயலாது என்று கட்டுப்படுத்துங்கள். வீட்டுக் கணினி களவு போனாலும் சர்வரில் அந்த ஒரு பூட்டைக் கழற்றினால் போதும். வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடம் வாசல் சாவியைக் கொடுப்போம். பணப்பெட்டிச் சாவியையும் சேர்த்தா கொடுப்போம்?

முதல்முறை இணையும்போது சர்வர் தன் அடையாள எண்ணைக் காட்டும். அதை இணைய இட நிறுவனம் தந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகே ‘சரி’ சொல்லுங்கள். இல்லையேல் பூட்டு உண்மையாக இருந்தும் வீடு பொய்யாகிவிடும்.

அனுப்பும் வேலையை ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியே செய்யும். வீவெக்ஸ், கியூமுலஸ் போன்ற மென்பொருள்கள் கருவியின் அளவுகளை வாங்கிப் பக்கமாக அமைத்துத் தருகின்றன. குறித்த நேரத்தில் அனுப்ப, லினக்சில் கிரான் என்ற ஏற்பாடு இருக்கிறது. கோப்பைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகே உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். அப்போது பார்ப்பவர் கண்ணில் பாதிக் கோப்பு படாது. அளவெடுத்த நேரத்தைப் பக்கத்தில் கட்டாயம் காட்டுங்கள். மூன்று மணிநேரத்துக்கு முந்தைய ‘மழை இல்லை’ என்ற செய்தி, செய்தியே இல்லாததைவிடக் கெடுதல்.

இன்னொன்று. வீட்டிலிருந்து கோப்பு வெளியே போனால் போதும். வெளியார் உள்ளே வர வழி தேவையில்லை. எனவே ரௌட்டரில் கதவு எதையும் திறந்துவிடாதீர்கள். 2016 அக்டோபர் 22, 24 ஆகிய நாள்களில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்களின் இணையச் சேவை தடைப்பட்டது. வாடிக்கையாளர்களின் வீடுகளில் இருந்த ரௌட்டர், கேமரா போன்ற கருவிகளே அவர்கள் அறியாமல் அந்தத் தாக்குதலுக்குக் கருவியாயின. அதன் பின்னர், 2020 அக்டோபரில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய வீட்டுக் கருவிகளுக்குப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற நிலை கூடாது என்பது அதன் முதல் நிலை நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே கருவியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பக்கத்தில் புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் வேண்டாம். ‘தெம்பனிஸ்’ என்று போட்டாலே போதும்.

‘வெறும் வெப்ப அளவுதானே, இதைத் திருடி யாருக்கு என்ன லாபம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருடனுக்கு வேண்டியது நம் வெப்ப அளவு அல்ல. நம் பெயரில் இயங்கும் இணைய இடமும், நம் வீட்டு இணைப்பும்தான் அவனுக்கு வேண்டும். நம் பக்கத்தை நம்பித் திறக்கும் அண்டை வீட்டாருக்கு அங்கிருந்தே கேடு போய்ச் சேரலாம். ஊருக்கு உதவ வைத்த கருவி ஊருக்கு உபத்திரவம் ஆகாமல் இருக்க, ஓய்வாக ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள்.