இருப்புக் கொள்ளாமை

ஜொகூர் பாரு, தம்போயிலுள்ள பெர்மாய் மனநல மருத்துவமனை 1937ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்று நாம் அறிந்த மனப்பிறழ்வு மருந்துகளில் ஒன்றேனும் அப்போது இல்லை. 1952இல் பாரிஸ் நகரில் குளோர்ப்புரோமசின் மனநோயாளர்க்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. ஹாலோபெரிடோல் முதலியவை பின்னர் வந்தன. இம்மருந்துகளால் நலம்பெற்று இல்லம் திரும்பியோர் பலர். அவற்றின் பக்க விளைவு ஒன்றைச் சொல்லின் வழியே நோக்குவது இவ்வுரை. மருந்தியல் நம் துறையன்று.

அவ்விளைவின் பெயர் அக்கதீசியா. மருந்துகள் தோன்றுமுன்பே, 1901இல், செக் மருத்துவர் ஹாஷ்கோவெத்ஸ் கிரேக்க வேரிலிருந்து ஆக்கிய சொல் அது. 'அமர இயலாமை' என்பது பொருள். இதற்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. நம் மூதாட்டியர் 'இருப்புக் கொள்ளவில்லை' என்பர். 'இரு' என்னும் வினை அமர்தலையும் உளதாதலையும் ஒருங்கே குறிக்கும். கால்கள் ஓயாமல் நடக்கத் தூண்ட, அமரவும் முடியாமல், உயிரோடிருப்பதே பொறுக்கவொண்ணாததாகித் தற்கொலை எண்ணம் வரை செல்வோரும் உளர். கிரேக்கச் சொல்லினும் தமிழ் வழக்கே ஆழமுடையதென்பது நம் கருத்து.

இடர் மொழிபெயர்ப்பில் நேர்கிறது. நோயாளி கூறியதைத் தாதியர் மலாயில் 'கெலிசா' என எழுதிவிட்டால், அது மனக்கலக்கத்தைக் குறிக்கும். நோய் முற்றியதெனக் கருதி மருந்தளவு கூட்டப்படலாம். அதனால் வேதனையும் கூடும். 'தாக் போலே டூடோக் டியாம்', அதாவது அசையாமல் உட்கார முடியவில்லை என்று எழுதுவதே பொருளுக்கு அணுக்கமானது. மருந்து தொடங்கியதோ அளவு கூடியதோ எந்நாள், தவிப்பு மனத்திலா கால்களிலா, நடந்தால் சற்றுத் தணிகிறதா என்று வினவ வேண்டும். 1989இல் வெளிவந்த பார்ன்ஸ் அளவுகோல், நோயாளியை அமர்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் குறைந்தது இவ்விரண்டு நிமிடம் உற்றுநோக்கப் பணிக்கிறது. அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவர் முடிவு. வீட்டார் தாமே நிறுத்துதல் கூடாது.

'சூடு' என்னும் சொல்லும் இத்தகையதே. 'மருந்துச் சூடு' என்று இளநீர் கொடுத்து அமைதியுறுவது நம்மவர் வழக்கம். நாமும் அவ்வாறு வளர்ந்தவர்களே. ஆயின் இம்மருந்து உண்பவர்க்குக் காய்ச்சலும் உடல் விறைப்பும் அறிவு மயக்கமும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஊறு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 'மரத்துவிட்டது' என்பார், உணர்ச்சியின்மையைச் சொல்கிறாரா, விறைப்பைச் சொல்கிறாரா என்பதையும் கையை மடக்கச் சொல்லிப் பார்த்தே குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும்.