பொம்மைப் பெட்டிகள் கலக்கும் கதைகள்

பாளையங்கோட்டைத் தசராவின் நிறைவில், ஆயிரத்தம்மன், முப்பிடாதி அம்மன், உச்சினிமாகாளி முதலாக, ஊரின் பல தெருக்களிலும் தனிக் கோயிலும் தனிப் பூஜையும் தலைமுறை தலைமுறையாய் வரும் அடியார்களும் உடையவர்களாய் வீற்றிருக்கும் தேவியர், அவரவர் சப்பரத்தில் எழுந்தருளி ஓரிடத்தில் அணிவகுத்து நிற்க, ஊரே திரண்டு சூரசம்ஹாரத்தைத் தரிசிக்கும் வைபவத்தைக் கண்டவர்களுக்கு, காமிக்ஸ் உலகத்தார் கிராஸ்ஓவர் என்று வழங்கும் ஏற்பாட்டை விளக்கிச் சொல்வது கடினமான காரியமல்ல. தனித்தனிக் கதைகளில் தனித்தனிப் பகைவரோடு பொருதுவரும் நாயகர்களை, ஏதேனும் ஒரு பேராபத்தைக் காரணமாக வைத்து, ஒரே கதைக்குள் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அது. அந்தக் கதைகளுள்ளும் விசேஷமான ஒரு கிளை உண்டு: கடையில் பெட்டியிலிட்டு விற்கும் பொம்மைகளையே நாயகர்களாகக் கொண்டு, வெவ்வேறு பொம்மை வரிசைகளை ஒரே கதையில் கலப்பது. வியாபாரத்துக்காகப் பிறந்தது என்று சொல்லிப் பலரும் இதனை ஒதுக்கிவிடுவதால், இதில் உழைத்த எழுத்தாளர்களின் திறமை அறியப்படாமலே போகிறதே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

நாயகர்களைச் சந்திக்க வைக்கும் வழக்கம் பழையது. கடலின் இளவரசன் நேமரும் நெருப்பு வடிவான ஹியூமன் டார்ச்சும் 1940-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இதழொன்றில் மோதியிருக்கிறார்கள். நம் வாசகருக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. சிவகாசியிலிருந்து 1972-இல் புறப்பட்ட முத்து காமிக்ஸும், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் நம் வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி ஆகிய மூவரும், பிறந்த நாடாகிய இங்கிலாந்தில் நெடுங்காலம் தத்தம் தொடர்களிலேயே வாழ்ந்து, பிறகு மறக்கப்பட்டவர்கள். ஆலன் மூர் கதைக்கரு அமைக்க, அவருடைய மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுத, ஷேன் ஓக்லி வரைந்து, 2005, 2006 ஆண்டுகளில் ஆறு இதழ்களாக வந்த 'ஆல்பியன்' என்னும் கதை, பழைய நாயகர்களை அரசாங்கம் சிறையில் அடைத்துவைத்திருக்கும் ஓர் உலகில் அவர்களை ஒன்றுசேர்த்துக் காட்டியது. இது சாத்தியமானதற்குக் கலைக்காரணத்தோடு ஒரு கணக்குப்புத்தகக் காரணமும் இருந்தது. அந்நாயகர்கள் பலரின் உரிமையை வைத்திருந்த ஐ.பி.சி. என்ற பிரிட்டிஷ் பதிப்பகத்தை 2001-இல் டைம் வார்னர் குழுமம் விலைக்கு வாங்கியிருந்தது, டி.சி. காமிக்ஸும் அதே குழுமத்தைச் சேர்ந்ததாகையால், வாசல் தானே திறந்துகொண்டது. உரிமைப் பத்திரம் ஒரு கைக்கு வந்தால் கதையும் ஒன்றாகும் என்னும் இந்த நியதியைப் பொம்மைக் கதைகளில் இன்னும் தெளிவாகக் காணலாம்.

பொம்மை நாயகனுக்கும் ஏனைய நாயகனுக்கும் உள்ள முதல் வேற்றுமை, பொம்மைக்குக் கதை பிற்பாடு வருகிறது என்பதே. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-இல் ஏறத்தாழ ஓரடி உயரத்தில் விற்கத் தொடங்கிய ஜி.ஐ.ஜோ என்னும் போர்வீரப் பொம்மை, 1982-இல் மூன்றே முக்கால் அங்குல உருவமாகச் சுருங்கி மறுபிறவி எடுத்தபோது, அவனுக்கும் அவனுடைய தோழர்களுக்கும் பெயரும் குணமும் பகைவரும் வேண்டியிருந்தன. அவற்றைச் சிருஷ்டித்துத் தரும் பணி மார்வெல் காமிக்ஸைச் சேர்ந்தது. லாரி ஹாமா என்னும் எழுத்தாளர் ஆண்டுக்கணக்கில் அதைச் செய்தார். பொம்மை விளம்பரத்தில் ஓவியச் சலனப்படத்தை அதிகம் காட்டலாகாது என்ற கட்டுப்பாடு அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருந்தமையால், பொம்மைக்கு விளம்பரம் செய்யாமல் காமிக்ஸ் இதழுக்கு விளம்பரம் செய்து, அந்த வழியாகவே படையையும் வாகனங்களையும் குழந்தைகளின் கண்ணுக்குக் காட்டிவிட்டார்கள். இரண்டாண்டுகள் கழித்து, ஜப்பானிய டக்காரா நிறுவனத்தின் உருமாறும் பொம்மைகளை ஹாஸ்ப்ரோ வாங்கி 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று வெளியிட்டபோதும், கார்களாகவும் விமானங்களாகவும் மடிந்து விரியும் அந்த இயந்திரங்களுள் மிகப் பலவற்றுக்குப் பெயரிட்டு, இவன் தயாளன், இவன் கோபி என்று குணம் வகுத்துக் கொடுத்தவர் பாப் புடியான்ஸ்கி என்னும் மார்வெல் பதிப்பாசிரியரே. நான்கே இதழ்களுக்கென்று 1984-இல் மார்வெல் தொடங்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸ் 1991 வரை எண்பது இதழ்கள் வந்தது.

கலப்பின் உண்மையான ஆதிகர்த்தா குழந்தைதான் என்பது என் அபிப்பிராயம். தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்தார் மரம் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய சொப்புச் சாமான்களுக்கு நடுவே, சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூடி 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், கோவாவில் வார்த்து அனுப்பிய ஜி.ஐ.ஜோ வீரனை நிறுத்தி, தூர்தர்ஷனில் பார்த்த ஹீ-மேனையும் அவனுக்குத் துணையாக அழைக்கும் பிள்ளைக்கு, எது எந்த நிறுவனத்தின் சொத்து என்ற விசாரம் கிடையாது. அளவு குறித்த விசாரமும் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் சிப்பாயும், அவனைவிட மும்மடங்கு உயரமான இயந்திரனும் ஒரே பாயின்மேல் சமானமாகப் போர் புரிவார்கள். வியாபாரிகள் இதைக் கவனியாமல் இல்லை. மேட்டல் நிறுவனம் மார்வெல் நாயகர்களைப் பொம்மைகளாக்க உடன்பட்டபோது, அவர்கள் அனைவரும் தோன்றும் பெருங்கதை ஒன்று வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. 'ரகசியம்', 'யுத்தம்' என்ற சொற்களுக்குச் சிறுவர்கள் உற்சாகம் காட்டுகிறார்கள் என்று பரிசோதனையில் கண்டு சொன்னதும் அந்த நிறுவனமே. அவ்வண்ணம் ஜிம் ஷூட்டர் எழுதி, 1984, 1985 ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வந்த 'சீக்ரெட் வார்ஸ்' தான், இன்று திரைப்படங்கள் வரை பரவியிருக்கும் மாபெரும் கிராஸ்ஓவர் மரபுக்கு அடித்தளமிட்ட கதைகளுள் முக்கியமானது. ஸ்பைடர்மேனுக்குக் கரிய உடை கிடைப்பதும் அந்தக் கதையில்தான். அதற்கும் முன்பே, 1982-இல், மேட்டலின் ஹீ-மேன் கடைக்கு வந்த அதே ஆண்டில், பொம்மையோடு வைத்துக் கொடுத்த குறுஞ்சித்திரப் புத்தகங்களுக்கு அப்பால் அவனுக்குக் கிடைத்த பெரிய அறிமுகம், சூப்பர்மேனைச் சந்திக்கும் ஒரு டி.சி. இதழாகவே அமைந்தது.

1987-இல் வந்த 'ஜி.ஐ.ஜோவும் டிரான்ஸ்ஃபார்மர்ஸும்' என்னும் நான்கு இதழ்க் கதை, பொம்மை வரிசைகள் இரண்டை நேரடியாகக் கலந்த ஆரம்பகால முயற்சி. பொம்மைகள் இரண்டும் ஹாஸ்ப்ரோவினுடையவை, காமிக்ஸ் இரண்டும் மார்வெலினுடையவை. ஆகவே அனுமதிக்காக யாரும் அலையவேண்டியிருக்கவில்லை. பம்பிள்பீ என்னும் சிறிய இயந்திரன் மனித வீரர்களால் தவறுதலாகத் தகர்க்கப்பட்டு, பின்னர் கோல்ட்பக் என்ற புது உருவில் எழுவது அதில் நடக்கிறது. கடைக்கு வரப்போகும் புதுப் பொம்மைக்குக் கதையிலேயே ஜனன முகூர்த்தம் குறிக்கும் சாமர்த்தியம் அது. கதை என்ற அளவில் அதை நான் சிறந்ததென்று சொல்லமாட்டேன்.

சிறந்தது எது என்றால், ரோம் என்னும் விண்வெளி வீரனின் சரித்திரத்தைத்தான் சொல்வேன். பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மின்னணுப் பொம்மை அது. கண்ணில் செந்நிற விளக்கு ஒளிரும், சில ஒலிகள் எழுப்பும், கைகால்கள் அதிகம் அசையா. விற்பனை சோபிக்காமல் பொம்மை விரைவில் மறைந்துவிட்டது. ஆனால் அதை விற்பதற்கென்று மார்வெல் தொடங்கிய காமிக்ஸ், பில் மாண்ட்லோ எழுத, முதலில் ஸால் பஸீமா வரைய, 1986 வரை எழுபத்தைந்து இதழ்கள் ஓடியது. மகனுக்குக் கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த மைக்ரோநாட்ஸ் பொம்மைகளைக் கண்டு மனம் கிளர்ந்து அவற்றுக்கும் கதை எழுதத் தொடங்கிய அதே மாண்ட்லோ, இந்த அசையாத பொம்மைக்கு ஓர் ஆன்மாவைக் கொடுத்தார். கேலடார் என்னும் தன் கிரகத்தைக் காக்கும்பொருட்டு மானிட உடலைத் துறந்து உலோகக் கவசத்துக்குள் புகுந்த ரோம், மனித உருவில் ஊடுருவியிருக்கும் டயர் ரெய்த் என்னும் மாயாவிப் பகைவரைத் தேடிப் பூமியில் ஒரு சிற்றூருக்கு வருகிறான். தன் கருவியால் அவர்களை இனங்கண்டு வேறோர் உலகுக்கு விரட்டுகிறான். ஆனால் ஊராருக்கோ, தங்கள் அண்டை வீட்டாரை ஒரு கொடிய இயந்திரம் சாம்பலாக்கியதாகவே தோன்றுகிறது. காப்பாற்ற வந்தவனே கொலைகாரனாகக் கருதப்படும் அந்தத் தனிமைதான் ரோமின் கதைக்கு உயிர்நாடி. பின்னர் அவன் மார்வெலின் பிற நாயகர்களையும் சந்தித்தான். விளைவு என்னவென்றால், ரோம் என்ற பெயரும் கவசமும் பொம்மை நிறுவனத்தின் சொத்தாகவும், கேலடாரும் அங்குள்ள சக வீரர்களும் மார்வெலின் சொத்தாகவும் பிணைந்துபோய், பல பத்தாண்டுகள் அந்த இதழ்களை மறுபதிப்புச் செய்யவே முடியாமல் போயிற்று. இரு தரப்பும் உடன்பட்டு அவை கனத்த தொகுதிகளாக வரத் தொடங்கியது 2024-இல்தான்.

இதற்கிடையில் பொம்மை உலகில் நிறுவனங்களே ஒன்றையொன்று உட்கொண்டன. பார்க்கர் பிரதர்ஸும், முகமூடி வீரர்களின் 'மாஸ்க்' வரிசையை 1985-இல் வெளியிட்ட கென்னரும் 1987-இல் டோங்காவின் வசமாயின. டோங்காவை 1991-இல் ஹாஸ்ப்ரோ வாங்கிற்று. ஒரே பீரோவில் இத்தனை பெயர்ப் பத்திரங்கள் சேர்ந்தபின், அந்தப் பெயர்களுக்குரிய நாயகர்கள் சந்திக்காமல் இருப்பார்களா? ஐ.டி.டபிள்யூ. என்னும் பதிப்பகம் 2016-இல் 'ரெவல்யூஷன்' என்ற பெயரில், ஜான் பார்பரும் கல்லன் பன்னும் எழுத, ஃபிக்கோ ஓஸியோ வரைய, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ.ஜோ, ரோம், மைக்ரோநாட்ஸ், மாஸ்க், ஆக்ஷன்மேன் ஆகிய ஆறு வரிசைகளையும் ஒரே உலகத்தவராக்கியது. மார்வெலுக்குச் சொந்தமான கேலடாரைத் தொடமுடியாமையால், இந்த ரோமுக்குப் புதிதாக ஸோல்ஸ்டார் என்றொரு வீரர் சங்கத்தைக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய கதையை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதை இதிலே நன்கு காணலாம். முதலாவது, அனைவரையும் தொடும் ஒரு பொருள் வேண்டும். இங்கே அது இயந்திரர்களின் உயிர்ச்சக்தியோடு தொடர்புடைய ஒரு தாது. உலகெங்கும் அது வெடிக்கத் தொடங்குகிறது. அடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கு ஏற்ப அதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டும்: சிப்பாய்கள் அதை அந்நியரின் படையெடுப்பு என்கிறார்கள், ரோம் ரெய்த்துகளின் சதி என்கிறான், இயந்திரர் தலைவன் ஆப்டிமஸ் பிரைமோ தன்மேல் விழும் பழியைத் துடைக்க முற்படுகிறான். அதன்பின் மோதல், மோதலுக்குப் பின் உண்மை வெளிப்பட்டு நேசம். மோதல் வேண்டியதன் காரணம், இவன் வெல்வானா அவன் வெல்வானா என்று பாயில் அமர்ந்த பிள்ளை கேட்ட கேள்விக்கு ஆசிரியன் விடை சொல்லியாகவேண்டும் என்பதே. ஆனால் ஒருவனும் முற்றத் தோற்கலாகாது. தோற்றால் அவனுடைய தனி இதழை யார் வாங்குவார்கள்? இந்த இறுக்கமான எல்லைக்குள் நின்றுகொண்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை ஒதுக்கிக் கொடுப்பதில்தான் எழுத்தாளனின் வித்தை இருக்கிறது.

'ரெவல்யூஷன்' அந்த வித்தையில் பாதியளவே தேறியது என்று நினைக்கிறேன். ஐந்து இதழ்க் கதையைச் சுற்றி ஒவ்வொரு வரிசைக்கும் துணை இதழ்கள் பெருகியதால், கதை ஓடும் வேகத்தில் பாத்திரங்கள் மூச்சுவிடவே இடமில்லாமல் போயிற்று. ரோமின் தனிமை கூட்டத்தில் கரைந்தது. அடுத்த ஆண்டு 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' என்ற இன்னொரு பெருங்கதை வந்தது. 2018-இல் கிரகங்களை விழுங்கும் யூனிக்ரானை வரவழைத்து அந்த உலகத்தையே முடித்துவைத்தார்கள்.

2023-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ.ஜோ ஆகியவற்றின் காமிக்ஸ் உரிமை ஸ்கைபவுண்ட் பதிப்பகத்தின் கைக்கு மாறியபின் கையாண்ட உபாயம் இதற்கு நேர்மாறானது. ராபர்ட் கிர்க்மன் எழுதிய 'வாய்ட் ரைவல்ஸ்' என்ற இதழ், பகை நாட்டார் இருவர் ஒரு கிரகத்தில் சிக்கிக்கொள்ளும் புதுக்கதையாக, பொம்மை எதனோடும் தொடர்பில்லாத ஒன்றாகவே அறிவிக்கப்பட்டது. வாங்கி வாசித்தவர்கள், பாழ்பட்டுக் கிடந்த ஒரு பெரிய விமானம் கதையின் நடுவே எழுந்து நின்று டிரான்ஸ்ஃபார்மர்ஸின் ஜெட்ஃபயராக உருமாறியதைக் கண்டபோதுதான், தாங்கள் எந்த உலகத்துக்குள் நுழைந்திருக்கிறோம் என்பதை அறிந்தார்கள். ஜி.ஐ.ஜோவின் பகைவரும் வீரரும் அதன்பின் ஒவ்வொருவராக, அவசரமின்றி, தத்தம் இதழ்களில் வந்துசேர்ந்தார்கள். இக்கலையைப் புதிதாக அறிய விரும்பும் இளைஞர்கள் 'வாய்ட் ரைவல்ஸ்' இதழிலிருந்து தொடங்கலாம். மாண்ட்லோவின் ரோம் தொகுதியை அதற்குப் பின் எடுத்துக்கொள்வது நல்லது.